அரசி மறைத்த தொப்புள் வீக்கம்: 1737ஆம் ஆண்டு மரணம் ஒன்றின் வழியே குடலிறக்க வகைகள்

1737ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி, புதன்கிழமை. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையை ஒட்டித் தமக்காக எழுப்பப்பட்டிருந்த புதிய நூலகத்தில் இருந்த 54 வயதுப் பெண் ஒருவருக்குத் திடீரென வயிற்றில் கடும் வலியும் வாந்தியும் உண்டாயின. அவர் பருமனான உடல்வாகு கொண்டவர். எட்டுக் குழந்தைகளை உயிருடன் பெற்றவர். கடைசிக் குழந்தை பிறந்து ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜெர்மனியின் அன்ஸ்பாக் சிற்றரசுக் குடும்பத்தில் 1683இல் பிறந்து, பின்னாளில் பிரிட்டனின் அரசரான இரண்டாம் ஜார்ஜை மணந்த அரசி கரோலின்தான் அந்த நோயாளி. பதினொரு நாட்களுக்குப் பின், நவம்பர் 20ஆம் தேதி இரவு அவர் இறந்தார். தொப்புளில் ஏற்பட்டிருந்த குடலிறக்கம் (ஹெர்னியா) நெரிபட்டு, அதனுள் சிக்கிய குடல் அழுகி வெடித்ததே மரணத்திற்குக் காரணம். இங்கிலாந்து நிகழ்வுகளுக்கு இங்கே தரப்படும் தேதிகள் அன்று அங்கே வழங்கிய பழைய நாட்காட்டிக்கு உரியவை. இன்றைய கணக்குக்கு அவற்றோடு 11 நாட்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பழைய நிகழ்வை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. அரசவையில் உயர்பதவி வகித்த ஹார்வி பிரபு அந்த நாட்களில் நோயறைக்கு அருகிலேயே இருந்து, நடந்தவற்றையெல்லாம் எழுதி வைத்தார். அக்குறிப்புகள் நெடுங்காலம் வெளிவராமல் இருந்து 1848இல்தான் அச்சேறின. நெரிபட்ட தொப்புள் குடலிறக்கம் ஒன்று உரிய நேரத்தில் உரிய சிகிச்சை கிடைக்காவிட்டால் எந்த வழியில் செல்லும் என்பதை இத்தனை நெருக்கமாகக் காட்டும் பதிவுகள் குறைவு. தவிர, எந்த வகைக் குடலிறக்கம், அது எந்த நிலையில் இருக்கிறது என்ற இரு கேள்விகளும் ஏன் ஒன்றாகக் கேட்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

நோயின் போக்கு

முதல் நாள் வலி தொடங்கியதும் அரசி படுக்கைக்குச் சென்றார். ஆயினும் அன்றைய அரசவை வரவேற்பைத் தவிர்க்க விரும்பாமல் எழுந்து வந்து விருந்தினரிடம் பேசிவிட்டே மீண்டும் படுத்தார். அரண்மனை மருத்துவர்கள் இதைச் சாதாரண வயிற்றுச் சூலை என்று கருதினார்கள். அக்காலத்தில் பெயர்பெற்ற டாஃபி மருந்துச்சாறும், பாம்புவேர் கலந்த பிராந்தியும், வேறு சில மதுவகைக் கஷாயங்களும் அடுத்தடுத்துக் கொடுக்கப்பட்டன. எதுவும் வயிற்றில் தங்கவில்லை. எல்லாம் வாந்தியாக வெளியேறியது. கையில் நரம்பைக் கீறி இரத்தம் வெளியேற்றினார்கள். மறுநாளும் அதையே செய்தார்கள். புகழ்பெற்ற மருத்துவரான சர் ஹான்ஸ் ஸ்லோன் உள்ளிட்டோர் வரவழைக்கப்பட்டு, தோலில் கொப்புளம் எழுப்பும் மருந்துகளையும் பேதி மருந்துகளையும் பரிந்துரைத்தார்கள். மலம் இறங்கவில்லை. வலி குறையவில்லை.

இத்தனைக்கும் நடுவே, வயிற்றைத் திறந்து பார்க்கவோ கைவைத்து அழுத்திப் பார்க்கவோ நோயாளி எவரையும் அனுமதிக்கவில்லை. தொப்புளில் ஒரு வீக்கம் இருப்பதை அவர் 1724ஆம் ஆண்டு, கடைசி மகள் லூயிசா பிறந்த நாள் முதலே அறிவார். அவருடைய கணவரும் அறிவார். மருத்துவரிடம் காட்டும்படி அவர் முன்பு கேட்டுக்கொண்டபோது, பிரசவித்த பெண்கள் பலருக்கும் உள்ளதுதான் இது என்று சொல்லி அரசி தட்டிக்கழித்திருக்கிறார். உடலில் ஒரு குறை இருப்பது தெரிந்தால் கணவரின் பிரியமும், அதன் வழியே தமக்கிருந்த அரசியல் செல்வாக்கும் குறைந்துவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்ததாக ஹார்வியின் குறிப்புகளிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

நான்காம் நாள், நவம்பர் 12ஆம் தேதி சனிக்கிழமை, அரசர் பொறுமையிழந்து, மனைவியின் மறுப்பையும் மீறி, அறுவை மருத்துவர் ஜான் ரான்பியை அழைத்து உண்மையைச் சொன்னார். அப்போதும் அரசி தம் வலி மேல்வயிற்றில் என்றே சாதித்தார். ரான்பி கைவைத்துப் பார்த்த அந்தக் கணத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. இனி இழப்பதற்கு நேரம் இல்லை, ஏற்கெனவே அளவுக்கு மீறி மறைத்துவிட்டீர்கள் என்ற பொருளில் அவர் நோயாளியிடமே சொன்னார். அந்த நோயின் போது அரசி முதன்முதலாக அழுதது அப்போதுதான் என்கிறார் ஹார்வி.

ஷிப்டன், புசியர் என்ற இன்னும் இரண்டு அறுவை மருத்துவர்கள் வந்தார்கள். அன்று மாலை வீக்கம் கீறப்பட்டது. மறுநாளே புண்ணில் அழுகல் தொடங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டது. அடுத்த நாட்களில் மயக்க மருந்து எதுவும் இல்லாமல் புண்ணை மீண்டும் மீண்டும் கீறியும் சோதித்தும் வந்தார்கள். அந்த மருந்துகள் வருவதற்கு இன்னும் நூறாண்டுகளுக்கு மேல் இருந்தது. ஒரு முறை முதியவரான மருத்துவரின் பொய்முடியில் மெழுகுவத்தித் தீ பற்றிக்கொள்ள, தாம் சிரித்து முடிக்கும்வரை கீறுவதை நிறுத்தும்படி அரசி கேட்டுக்கொண்டார் என்ற செய்தியும் வழங்குகிறது. நவம்பர் 17ஆம் தேதி வியாழக்கிழமை, சிக்கியிருந்த குடல் வெடித்து, அதிலிருந்தவை புண் வழியே படுக்கையெங்கும் பரவின. அதன்பின் மூன்று நாட்கள் அவர் நினைவோடு இருந்தார்.

வீக்கம் எங்கே, அதன் வாய் எப்படிப்பட்டது

வயிற்றறையின் சுவர் தசைகளாலும் தசைநார்த் தகடுகளாலும் ஆனது. அச்சுவரில் பிறவியிலேயே சில வலுக்குறைந்த இடங்கள் உண்டு. இரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் நரம்புகளும் வெளியே செல்லும் வழிகள் அவை. வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்போதோ சுவர் தளரும்போதோ, உள்ளுறுப்புகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு அந்த இடத்தில் பையாகப் பிதுங்குகிறது. பின்னர் அப்பைக்குள் கொழுப்புத் திரையோ குடலோ இறங்குகிறது. இதையே குடலிறக்கம் என்கிறோம். மக்கள் பேச்சில் ஹெர்னியா என்றும் குடல் இறங்கிவிட்டது என்றும் சொல்வது இதைத்தான். எல்லாக் குடலிறக்கத்திலும் குடல் இறங்குவதில்லை. தொடக்கத்தில் பெரும்பாலும் கொழுப்பே இறங்குகிறது.

குடலிறக்கத்தின் வகைகளை இடத்தின் பெயரால் அழைக்கிறோம். கவட்டையில் வந்தால் கவட்டைக் குடலிறக்கம், தொப்புளில் வந்தால் தொப்புள் குடலிறக்கம் என்பது போல. இந்தப் பெயரிடல் முறை வசதியானது. ஆனால் நோயாளிக்கு உண்மையில் தேவையான செய்தியை அது மறைமுகமாகத்தான் தருகிறது. உயிருக்கு ஆபத்து வருவது வீக்கத்தின் அளவால் அல்ல, அது வெளிவரும் வாயின் அளவாலும் இறுக்கத்தாலும்தான். அகன்ற வாய் வழியே பெரிதாகப் புடைத்து, படுத்தால் தானாக உள்ளே போய்விடும் வீக்கம் அருவருப்பாகத் தோன்றலாம். அதனால் உயிர்ச்சேதம் அரிது. விரல் நுனி அளவுள்ள, விளிம்பு விறைத்த வாய் வழியே வெளிவந்த எலுமிச்சை அளவு வீக்கம் ஒரே இரவில் குடலைக் கொன்றுவிடக்கூடும்.

பெரியவர்களுக்கு வரும் தொப்புள் குடலிறக்கம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தொப்புள் வளையமும் அதையொட்டிய நடுக்கோடும் தடித்த நார்த்திசுவால் ஆனவை. அவை தசையைப் போல நெகிழ்ந்து கொடுப்பதில்லை. அடுத்தடுத்த கர்ப்பங்களால் நடுக்கோடு விரிந்து மெலிகிறது. உடற்பருமன் உள்ளழுத்தத்தைக் கூட்டுகிறது. கல்லீரல் சுருக்க நோயால் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இதே இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறது. அரசி கரோலினிடம் முதல் இரண்டு காரணங்களும் ஒன்றுசேர்ந்திருந்தன. தொடக்கத்தில் உள்ளே தள்ளினால் போகும் நிலையில் இருந்த வீக்கம், ஆண்டுகள் செல்லச் செல்ல, உள்ளே இறங்கிய கொழுப்பு பையோடு ஒட்டிக்கொண்டு, தள்ளினாலும் போகாத நிலையை அடைந்திருக்க வேண்டும். இந்த நிலையிலும் நோயாளிக்கு வலி பெரிதாக இருப்பதில்லை. ஆகவேதான் 13 ஆண்டுகள் மறைக்க முடிந்தது. பிறகு ஒரு நாள் குடலின் ஒரு வளையம் அந்தக் குறுகிய வாய்க்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறது. முதலில் குடலுக்குள் செல்லும் பாதை அடைபடுகிறது. வாந்தியும், வந்து வந்து போகும் வலியும், மலமும் காற்றும் நின்றுபோவதும் இதன் அடையாளங்கள். அடுத்துச் சிரை இரத்தம் திரும்ப வழியில்லாமல் குடல் வீங்குகிறது. வீக்கத்தால் இறுக்கம் கூடுகிறது. இறுக்கம் கூடக் கூடத் தமனி இரத்தமும் நின்றுவிடுகிறது. இதற்குச் சில மணி நேரம் போதும். அதன்பின் வலி விட்டு விட்டு வராமல் நிலையாக நின்றுவிடும், மேலே தோல் சிவக்கும், தொட்டால் தாங்காது.

குழந்தைகளின் தொப்புள் வீக்கம் இதே பெயரைத் தாங்கினாலும் தன்மையில் வேறானது. தொப்புள்கொடி விழுந்தபின் வளையம் முழுதாக மூடிக்கொள்ளாததால், அழும்போதும் முக்கும்போதும் அது புடைக்கிறது. பெரும்பாலானவை நான்கு ஐந்து வயதுக்குள் தாமாக மூடிக்கொள்கின்றன, நெரிபடுவது அரிது. தொப்புளின் மேல் காசு வைத்துக் கட்டும் வழக்கத்தால் பயன் ஏதும் இல்லை. குழந்தையின் மென்தோலில் புண் வருவதுதான் மிச்சம். குழந்தைக்குத் தானாகச் சரியானது என்ற அனுபவத்தை வைத்துப் பெரியவர்களின் தொப்புள் வீக்கத்தையும் அப்படியே விட்டுவிடுவது தவறு. பெரியவர்களுக்கு அது தானாக மூடுவதில்லை.

அதே நகரில் இன்னொரு நோயாளி

அரசி இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1735ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. சிறு வயது முதலே அவனுக்கு விரைப்பை வரை இறங்கிய கவட்டைக் குடலிறக்கம் இருந்தது; தொடைப் பக்கம் ஒரு துளை விழுந்து அதன் வழியே மலம் கசிந்துகொண்டிருந்தது. கிளாடியஸ் ஆமியண்ட் என்ற அறுவை மருத்துவர் பையைத் திறந்தபோது அதற்குள் குடல்வால் இருந்தது. சிறுவன் எப்போதோ விழுங்கிய குண்டூசி அதைத் துளைத்திருந்தது. அவர் குடல்வாலை வெட்டி அகற்றினார். சிறுவன் பிழைத்தான். பதிவான முதல் வெற்றிகரமான குடல்வால் அகற்றல் என்று இந்த அறுவை கருதப்படுகிறது. குடல்வால் இறங்கியிருக்கும் கவட்டைக் குடலிறக்கம் இன்றும் ஆமியண்ட் பெயரால் அழைக்கப்படுகிறது.

இதில் முரண்நகை ஒன்று உண்டு. ஆமியண்ட் அரசர் இரண்டாம் ஜார்ஜின் தலைமை அறுவை மருத்துவர்களில் ஒருவர். 1722இல் கரோலின் தம் இரண்டு மகள்களுக்குப் பெரியம்மைத் தடுப்புக்காக அம்மைப்பால் குத்த ஏற்பாடு செய்தபோது, அதைச் செய்தவரும் அவரே. ஊரே அஞ்சிய புதிய மருத்துவ முறையைத் தம் பிள்ளைகளின் உடலில் துணிந்து செய்வித்த தாய், தம் தொப்புளை மட்டும் எவருக்கும் காட்டவில்லை. அறியாமை என்று இதைச் சொல்லிவிட முடியாது; அக்காலத்து அரசகுலத்தவருள் அவரைப் போல அறிவியலில் நாட்டம் கொண்டவர்கள் சிலரே.

சிறுவனுக்கு இருந்தது மறைமுகக் கவட்டைக் குடலிறக்கம். கருவில் விரைகள் வயிற்றிலிருந்து கீழிறங்கும்போது, சவ்வின் ஒரு குழாயையும் உடன் இழுத்து வருகின்றன; பிறப்பை ஒட்டி அந்தக் குழாய் மூடிவிட வேண்டும். மூடாமல் நின்றால் அதன் வழியே குடல் இறங்குகிறது. ஆகவே இது பிறவிக் குறையில் வேர்கொண்டது. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் அதிகம் காணப்படுவது. விரைப்பை வரை இறங்கக்கூடியது. நேர்முகக் கவட்டைக் குடலிறக்கம் வேறு. வயது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், சிறுநீர் கழிக்க முக்குதல் ஆகியவற்றால் கவட்டைத் தடத்தின் பின்சுவர் தளர்ந்து முன்னோக்கிப் புடைப்பது அது. வாய் அகன்றிருப்பதால் நெரிபடும் வாய்ப்பு குறைவு. அறுவையின்போது இவ்விரண்டையும் பிரித்துக்காட்டும் எல்லைக்கோடு, வயிற்றின் முன்சுவரில் மேலேறிச் செல்லும் கீழ் எபிகாஸ்ட்ரிக் இரத்தக் குழாய்களே: அவற்றுக்கு வெளிப்புறம் மறைமுக வகை, உட்புறம் நேர்முக வகை.

வயிற்றுச் சுவரில் வரும் குடலிறக்கங்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு கவட்டையில்தான் வருகின்றன. வாழ்நாளில் ஆண்களில் ஏறத்தாழ 27 சதவீதத்தினருக்கும் பெண்களில் 3 சதவீதத்தினருக்கும் இது வரக்கூடும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. தொந்தரவு தராத கவட்டை வீக்கம் உள்ள ஆண்களை உடனே அறுவைக்கு உட்படுத்த வேண்டுமா என்ற கேள்விக்கு 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று நல்ல விடை தந்தது. 720 ஆண்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், காத்திருந்து கவனித்தவர்களிடையே திடீரென மாட்டிக்கொண்ட நிகழ்வு ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு இரண்டுக்கும் குறைவாகவே இருந்தது. ஆனால் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த பத்தாண்டுகளில் வலி கூடி, தாமே அறுவையை நாடினார்கள். ஆகவே அவசரம் இல்லை என்பதும், அறுவையே தேவையில்லை என்பதும் ஒன்றல்ல. தவிர, இந்த ஆய்வின் முடிவை ஆண்களின் கவட்டை வீக்கத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் பொருத்தக் கூடாது. ஹெர்னியாவா, அவசரமில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனைகள் வகையைக் கேளாமல் சொல்லப்படுபவை.

தாமே ஒளிந்துகொள்பவை

கரோலினின் வீக்கத்தை ஆடை மறைத்தது. சில வகைகளுக்கு ஆடை தேவையில்லை. உடலின் அமைப்பே அவற்றை மறைத்துவிடும். அவற்றுள் நான் முதலிடம் கொடுப்பது தொடைக் குடலிறக்கத்துக்கு. கவட்டைத் தசைநாருக்குக் கீழே, தொடைச் சிரைக்கு உட்புறமாக உள்ள மிகக் குறுகிய இடைவெளி வழியே இது இறங்குகிறது. இடைவெளியின் ஒரு பக்கம் எலும்பும் மறுபக்கம் விறைத்த தசைநாரும் இருப்பதால் வாய் சிறிதும் நெகிழாது. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் வயது முதிர்ந்தவர்களுக்கு, இது அதிகம் வருகிறது. பார்ப்பதற்கு நெல்லிக்காய் அளவு நெறிகட்டியைப் போலத் தோன்றும். பருமனானவர்களிடம் அதுவும் தெரியாது. 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், வீக்கம் தோன்றியபின் நெரிபடும் வாய்ப்பு கவட்டை வகைக்கு இரண்டு ஆண்டுகளில் 4.5 சதவீதமாகவும் தொடை வகைக்கு 21 மாதங்களில் 45 சதவீதமாகவும் கணக்கிடப்பட்டது. பத்து மடங்கு வேறுபாடு! இரண்டின் தோற்றுவாய்களுக்கும் இடையே உள்ள தூரமோ சில சென்டிமீட்டர். எனவே தொடைக் குடலிறக்கம் என்று தெரிந்தபின் காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை. பெண்களின் கவட்டையில் வரும் எந்த வீக்கத்திலும் இந்த வகையை விலக்கிய பிறகே அடுத்ததைப் பேச வேண்டும்.

இதைவிட ஆழத்தில் ஒளிந்திருப்பது ஆப்டுரேட்டர் குடலிறக்கம். இடுப்பெலும்பின் துளை வழியே தொடையின் உட்தசைகளுக்கு அடியில் இறங்குவதால் வெளியே வீக்கம் எதுவும் தெரிவதில்லை. மெலிந்த மூதாட்டி ஒருவருக்குக் குடல் அடைப்பும், தொடையின் உட்புறம் முழங்கால் வரை ஓடும் வலியும் ஒன்றாக வந்தால் மருத்துவரின் எண்ணம் இதன்மேல் செல்ல வேண்டும். அந்தத் துளை வழியே செல்லும் நரம்பு நசுங்குவதாலேயே அந்த வலி வருகிறது. சி.டி. ஸ்கேன் வருவதற்கு முன், பலருக்கு இது அறுவை மேசையில்தான் தெரியவந்தது. வயிற்றின் பக்கவாட்டில் தசைத் தகடுகளுக்கு நடுவே பரவும் ஸ்பிகீலியன் வகையும் இப்படித்தான் கைக்குத் தட்டுப்படாமல் போகிறது.

ரிக்டர் வகை என்பது இடத்தைக் குறிக்கும் பெயர் அல்ல. எந்தக் குறுகிய வாயிலும், குடலின் முழுச் சுற்றும் மாட்டாமல் சுவரின் ஒரு பகுதி மட்டும் மாட்டிக்கொள்வதை அப்பெயர் குறிக்கிறது. பாதை முழுதும் அடைபடாததால் மலம் தொடர்ந்து வெளியேறக்கூடும். அடைப்பின் அடையாளங்கள் தெளிவாக இரா. ஆனால் மாட்டிய பகுதி அழுகிக்கொண்டிருக்கும். அறிகுறிகள் இல்லையே என்று ஆறுதல் கொள்ள வைப்பதால்தான் இதை அபாயமானது என்கிறோம்.

உணவுக்குழாய் உதரவிதானத்தைக் கடக்கும் இடத்தில் இரைப்பை மேலேறுவதைக் குறிக்கும் ஹயாட்டஸ் ஹெர்னியாவுக்கு வெளித்தோற்றமே இல்லை. நெஞ்செரிச்சலுக்காக என்டோஸ்கோப்பி செய்தவர்களின் அறிக்கையில் அடிக்கடி காணப்படும் சொல் இது. பெரும்பாலானவை இரைப்பையின் மேல்முனை ஏறி இறங்கும் சறுக்கு வகை. மருந்தும் உணவுக் கட்டுப்பாடுமே அவற்றுக்குப் போதும். உணவுக்குழாயின் பக்கத்தில் இரைப்பையின் உடல்பகுதி மேலேறி முறுக்கிக்கொள்ளும் அரிய வகைக்கு மட்டும் அறுவை பற்றிய கவலை உண்டு. அறிக்கையில் ஹெர்னியா என்ற சொல்லைப் பார்த்ததும் குடல் நெரிபட்டுவிடும் என்று பதறுவோர், இது வேறு கணக்கு என்று தெரிந்துகொள்வது நல்லது.

பழைய அறுவைத் தழும்பின் வழியே வரும் குடலிறக்கம் மனிதக் கையால் உண்டானது. நடுவயிற்றைக் கிழித்துச் செய்யும் பெரிய அறுவைகளுக்குப் பின், தையல் போட்ட தசைநார் முழுதாகச் சேராமல் விலகுவதால் இது வருகிறது. புண்ணில் சீழ் பிடித்தவர்கள், பருமனானவர்கள், புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். தொப்புளுக்கும் மார்பெலும்புக்கும் நடுவே வரும் மேல்வயிற்று வகையில் பெரும்பாலும் கொழுப்பு மட்டுமே வெளிவருகிறது. அது சிறிதாக இருந்தாலும் வலி கூடுதலாக இருக்கலாம்.

மருத்துவர்களிடையே எழுந்த வாதம்

நான்காம் நாள் நோயறையில் நடந்த வாதத்தைத் திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது. தொப்புள் வாயை அகலக் கீறி, குடலை உள்ளே தள்ளிவிட வேண்டும் என்றார் முதியவரான புசியர். அப்படிக் கீறினால் குடல் மொத்தமும் படுக்கையில் வந்து விழும் என்று ரான்பி மறுத்தார். ரான்பியின் கருத்தே நின்றது; மேலோட்டமாக வீக்கத்தை மட்டும் கீறினார்கள். கோட்பாட்டளவில் புசியர் சொன்னதுதான் சரி. நெரிபட்ட குடலிறக்கத்தில் முதல் வேலை இறுக்கும் வளையத்தைத் தளர்த்துவது. அதைச் செய்யாமல் மேல்தோலை மட்டும் கீறுவதால் குடலுக்குச் செல்லும் இரத்தம் திரும்புவதில்லை. ஆனால் நான்காம் நாளில் அதைச் செய்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்லத் துணிய மாட்டேன். அழுகிய குடலை உள்ளே தள்ளியிருந்தால் அது வயிற்றுக்குள்ளேயே வெடித்து இன்னும் விரைவில் முடிந்திருக்கும். புசியரின் யோசனைக்கு உரிய நேரம் முதல் நாள் மாலை.

அக்காலத்து அறுவையால் எதுவுமே செய்திருக்க முடியாது என்பாருக்கு வில்லியம் செஸல்டன் என்ற அறுவை மருத்துவரின் நோயாளி விடையாக நிற்கிறார். அவர் 73 வயதுப் பெண். 50 வயது முதல் தொப்புள் குடலிறக்கம் இருந்தவர். வாந்தியும் வலியுமாக வந்தவர். செஸல்டன் பார்த்தபோது 26 அங்குலக் குடல் அழுகி வெளியே கிடந்தது. அதை வெட்டி அகற்றி, நல்ல குடலின் முனையைத் தொப்புள் வழியே வெளியே திறந்த நிலையில் விட்டார். அந்த முனை வழியே மலம் கழித்தபடி அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று வேண்டுமென்றே வயிற்றில் அமைக்கும் மலத்துளையின் முன்னோடி என்று இதைச் சொல்லலாம். இரு பெண்களுக்கும் வயதில் 19 ஆண்டு வேறுபாடு, நோய் ஒன்று, இடம் ஒன்று. ஒருவருக்குச் செத்த குடல் அகற்றப்பட்டு, மேலிருந்து வருவதற்குப் போக்கிடம் கிடைத்தது. மற்றவருக்கு அடைப்பின்மேல் பேதி மருந்து கொடுக்கப்பட்டது.

பேதி மருந்தைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இன்றும் வீடுகளில் நடப்பது அதுதான். வயிறு உப்பி, மலம் வராமல், வாந்தி எடுப்பவருக்கு மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுப்பது, அடைபட்ட குடலை இன்னும் வேகமாகச் சுருங்கச் செய்து வெடிப்பை நெருங்கச் செய்கிறது. 1737இல் அரண்மனை மருத்துவர்கள் செய்த பிழைகளில் கொடியது எதுவென்று கேட்டால், இரத்தம் எடுத்ததைவிட இதையே சொல்வேன்.

இன்று இதே நோயாளி வந்தால்

கடும் வயிற்று வலியும் வாந்தியுமாக வரும் எவருக்கும் தொப்புள், இரு கவட்டைகள், இரு தொடை மடிப்புகள், பழைய தழும்புகள் ஆகியவற்றைத் திறந்து, கைவைத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் விதிகளுள் ஒன்று. நோயாளி கூசினால் பெண் மருத்துவரையோ செவிலியரையோ உடன் வைத்துக்கொண்டு பார்க்கலாம். பார்க்காமல் மட்டும் விடக் கூடாது. தொப்புளில் இறுகிய, தொட்டால் வலிக்கும், இருமினாலும் அசையாத வீக்கம் தெரிந்தால், நரம்பு வழியே திரவம் ஏற்றி, மூக்கு வழியே ரைல்ஸ் ட்யூப் இறக்கி இரைப்பையைக் காலி செய்து, ஆன்டிபயாட்டிக் தொடங்கி, சில மணி நேரத்துக்குள் அறுவைக்கு எடுத்துச் செல்வார்கள். சி.டி. ஸ்கேன் ஐயத்தைத் தீர்க்க உதவும்; ஐயமே இல்லாதபோது அதற்காக நேரத்தை வீணாக்குவதில்லை. தோல் சிவந்து, காய்ச்சலும் நிலையான வலியும் உள்ளபோது வீக்கத்தை வலிந்து உள்ளே அழுத்துவது கூடாது. செத்த குடலைப் பார்வைக்கு அப்பால் அனுப்பிவைப்பதே அதன் விளைவு.

அறுவையில் வளையத்தைத் தளர்த்தியதும் குடலை வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியால் போர்த்தி, நிறம் திரும்புகிறதா, அசைவு வருகிறதா, தமனி துடிக்கிறதா என்று சில நிமிடங்கள் காத்திருந்து பார்ப்பார்கள். திரும்பினால் உள்ளே விடலாம். திரும்பாவிட்டால் அப்பகுதியை வெட்டி, நல்ல முனைகளை இணைப்பார்கள். குடல் அழுகி மாசுபட்ட இடத்தில், வாயை மூடி வலுப்படுத்தும் செயற்கை வலை வைப்பதற்குப் பெரும்பாலும் தயங்கித் தையலோடு நிறுத்திக்கொள்வார்கள். பின்னாளில் வீக்கம் திரும்ப வரக்கூடும் என்பது அதற்குரிய விலை.

அவசரம் இல்லாத காலத்தில் செய்யும் அறுவையின் கதை வேறு. 1880களில் இத்தாலியரான பாசினி கவட்டைச் சுவரை அடுக்கடுக்காகத் தைத்து வலுப்படுத்தும் முறையை வகுத்தார். 1950களின் இறுதியில் பாலிபுரொப்பிலீன் வலை வந்தது. 1980களில் லிக்டென்ஸ்டைன் குழுவினர் திசுக்களை இழுத்துத் தைக்காமல் வலையை வைத்து மூடும் முறையைப் பரப்பினார்கள். தொப்புளுக்கும் அதே வழி பொருந்துகிறது. ஒரு சென்டிமீட்டர் முதல் நான்கு சென்டிமீட்டர் வரை வாய் உள்ள 300 நோயாளிகளிடம் செய்து 2018இல் வெளியிடப்பட்ட ஐரோப்பிய ஆய்வில், தையல் மட்டும் போட்டவர்களில் 12 சதவீதத்தினருக்கும் வலை வைத்தவர்களில் 4 சதவீதத்தினருக்கும் வீக்கம் திரும்ப வந்தது. மிகச் சிறிய வாய்க்குத் தையலே போதும்.

மகளின் நோய்

கரோலினுக்கு வீக்கம் தோன்றக் காரணமான பிரசவத்தில் பிறந்த லூயிசா, டென்மார்க் பட்டத்து இளவரசரை மணந்து, பின்னர் அந்நாட்டின் அரசியானார். 1751ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் தேதி, 27 வயது நிறைந்த மறுநாள், கோபன்ஹேகனில், கர்ப்பிணியாக இருந்த நிலையில், நெரிபட்ட குடலிறக்கத்துக்குச் செய்த கடும் அறுவைக்குப் பின் அவரும் இறந்தார். தாயின் முடிவோடு இதை ஒப்பிட்டு அக்காலத்தவர்களே பேசிக்கொண்டார்கள். இணைப்புத் திசுவின் வலு குடும்பவழி வருவதுண்டு. குடலிறக்கம் உள்ளவரின் நெருங்கிய உறவினருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். எனினும் இந்த இருவர் விஷயத்தில், பரம்பரையைவிட அடுத்தடுத்த கர்ப்பங்களுக்கே நான் கூடுதல் பங்கு கொடுப்பேன்.

பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களுக்குத் தொப்புள் குடலிறக்கம் தெரியவரும்போது எழும் கேள்வி, இப்போதே சரிசெய்வதா, பிரசவங்களெல்லாம் முடிந்தபின் செய்வதா என்பது. வாய் சிறிதாக இருந்து, வலியில்லாமல், உள்ளே தள்ளினால் போகிற நிலையில் இருந்தால் பொதுவாகக் கடைசிப் பிரசவம் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். நடுவில் சரிசெய்தால் அடுத்த கர்ப்பத்தில் வயிற்றுச்சுவர் விரியும்போது அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே வலி கொடுப்பதாகவோ ஒருமுறை மாட்டிக்கொண்டதாகவோ இருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே சரிசெய்வது பாதுகாப்பானது. கர்ப்ப காலத்தில் கருப்பை மேலெழும்பும்போது குடல் ஒருபுறம் தள்ளப்படுவதால் தொப்புள் வீக்கம் நெரிபடுவது அரிது; நெரிபட்டால், எத்தனை மாதக் கர்ப்பமானாலும், அறுவையைத் தள்ளிப்போட முடியாது. பிரசவத்துக்குப் பின் வயிறு சுருங்கி, தசைகள் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பிய பின்னரே, வாயின் உண்மையான அளவைக் கணித்து, நடுக்கோட்டுத் தசைகள் விலகியிருக்கின்றனவா என்பதையும் பார்த்து, தையலா வலையா என்று முடிவு செய்கிறார்கள்.